அப்பாவின் வாட்ச் பீரோவில் தூங்குகிறதா? - ஒரு மயிலாப்பூர் தாத்தாவும் 41 கடிகாரங்களும்!

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. காலை ஆறு மணி. காபி வருவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெரியவர் செய்கிற முதல் வேலை, மேஜை மேலிருக்கும் மரப்பெட்டியைத் திறப்பது. அன்றைக்குக் கட்டப்போகிற வாட்சை எடுத்து, இரண்டு விரலால் மெதுவாகச் சாவி கொடுப்பார். இருபது, இருபத்தைந்து சுற்று. கையில் லேசாக இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுவார். பிறகுதான் காபி.

அவருக்கு வயது 72. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மொத்தம் 41 கைக்கடிகாரங்கள். "நாற்பத்தொண்ணு வாட்ச் இருக்கு, ஒருநாளாவது கல்யாணத்துக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்காரா கேளுங்க" என்பது மனைவியின் நிரந்தரப் புகார்.

இதில் லட்ச ரூபாய் வாட்ச் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலானவை நம் அப்பாக்களும் தாத்தாக்களும் கட்டிய அதே எச்.எம்.டி., டைட்டன், ஆல்வின் ரகங்கள்தான். ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம், ஒரு மனிதர், ஒரு சம்பவம் உண்டு.

முதல் வாட்ச் அவருடையது அல்ல!

அவர் அறிந்த முதல் வாட்ச், அப்பாவின் கையிலிருந்த எச்.எம்.டி. ஜனதா. அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா 1967-ல் வாங்கியது. வெள்ளை டயல், கறுப்பு எண்கள், தோல் ஸ்ட்ராப். ராத்திரி தூங்கும்போது அதை ரேடியோ பெட்டி மேல் கழற்றி வைப்பார். பிள்ளைகள் யாரும் தொடக் கூடாது. ஆனால், காதை அருகில் வைத்து 'டிக் டிக்' சத்தம் கேட்கலாம். அதற்கு மட்டும் அனுமதி உண்டு.

எச்.எம்.டி. என்பது இந்திய அரசு நிறுவனம். 1953-ல் பெங்களூருவில் இயந்திரங்கள் செய்யத் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு கைக்கடிகாரத்தில் இறங்கியது. அதுவரை வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். வசதியானவர்கள் கையில் மட்டும் இருந்த ஒன்றை, சம்பளக்காரர்களின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது எச்.எம்.டி. அந்த மாடலுக்கு 'ஜனதா' என்று பெயர் வைத்ததும் பொருத்தம்தான். பெங்களூருவைத் தாண்டி ஸ்ரீநகர், தும்கூர், இன்றைய உத்தராகண்டின் ராணிபாக் என்று தொழிற்சாலைகள் விரிந்தன. பார்வையற்றவர்கள் தொட்டு மணி பார்க்கும் பிரெயில் வாட்சும் செய்தார்கள்.

பள்ளி இறுதித் தேர்வில் முதல் வகுப்பு வாங்கினால் வாட்ச் என்று அப்பா சொல்லியிருந்தார். 1969-ல் முதல் வகுப்பும் வந்தது. ஆனால், அக்காவின் கல்யாணமும் அதே வருடம் வந்துவிட்டது. புது வாட்சுக்குப் பதில் மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டாக ஒரு சுவிஸ் வாட்ச் கிடைத்தது. கண்ணாடியில் கீறல். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பின்தங்கும். "தினமும் அஞ்சு நிமிஷம் முன்னாடி வெச்சுட்டுப் போடா" என்பது அப்பா சொன்ன ரிப்பேர்.

அந்த மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் அழிந்தது. அங்கே வாங்கிய வாட்ச் இன்றும் பெட்டியில் இருக்கிறது.

மாமனார் கொடுத்த காஞ்சன்

1980-ல் கல்யாணம். மாமனார் மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டது எச்.எம்.டி. காஞ்சன். அந்தக் காலத்துக் குடும்பங்களில் இந்தப் பெயருக்கு இருந்த மரியாதை தனி. தங்க நிறம், ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்கத் தேவையில்லை. கை அசைய அசைய உள்ளேயிருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று ஸ்ப்ரிங்கை முறுக்கிக்கொள்ளும். கடைக்குப் போனவுடன் கிடைக்கிற பொருள் அல்ல. தெரிந்தவர் மூலம் சொல்லிவைத்து, காத்திருந்து வாங்க வேண்டும். மாமனாரும் அப்படித்தான் வாங்கினார்.

"அவர் எவ்வளவு அலைஞ்சார்னு எனக்குப் பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதுவரைக்கும் 'ஸ்ட்ராப் கொஞ்சம் லூஸா இருக்கு'ன்னு குறை சொல்லிட்டிருந்தேன்" என்கிறார் பெரியவர்.

எண்பதுகளில் பர்மா பஜார் காலம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் நடத்திய கடைகளில் வெளிநாட்டுப் பொருள்கள் குவிந்தன. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் ஜப்பான் டிஜிட்டல் வாட்ச் ஒன்றை அவரும் பேரம் பேசி வாங்கினார். ஆபீஸில் மூன்று நாள் ராஜா. நான்காம் நாள் பக்கத்து சீட்டுக்காரர் கால்குலேட்டர் வைத்த வாட்சோடு வந்தார். ராஜ்ஜியம் போயிற்று.

ஓசூரில் பிறந்த வாட்ச்

இதற்குள் உலகமே மாறியிருந்தது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. வித்தியாசம் எளிமையானது. ஜனதா போன்ற சாவி வாட்சில், முறுக்கிய ஸ்ப்ரிங் பிரிகிற விசையில் ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும். நொடிக்கு 5 'டிக்'. ஒரு நாளைக்கு 4,32,000. குவார்ட்ஸில் ஸ்ப்ரிங்குக்குப் பதில் பேட்டரி. சக்கரத்துக்குப் பதில் நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத் துண்டு. சாவி வாட்ச் ஒரு நாளில் அரை நிமிடம் முன்பின் போனால் அதுவே நல்ல வாட்ச். குவார்ட்ஸோ ஒரு மாதத்துக்கே அவ்வளவு கூடத் தவறாது.

இந்த அலையைத் தமிழ்நாடு சரியாகப் பிடித்தது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் கைகோத்து 1984-ல் தொடங்கியதுதான் டைட்டன். பெயரிலேயே ஊர் இருக்கிறது. டாடா இண்டஸ்ட்ரீஸின் முதல் எழுத்துகளும் 'தமிழ்நாடு' என்பதன் முதல் எழுத்துகளும் சேர்ந்ததே அந்தப் பெயர். ஓசூரில் தொழிற்சாலை. நிறுவனத்தை நடத்தியவர் செர்க்ஸஸ் தேசாய். 1987-ல் வாட்ச்கள் கடைக்கு வந்தன. மோசார்ட்டின் 25-வது சிம்பொனியிலிருந்து எடுத்த விளம்பர இசை, மோசார்ட் யாரென்றே தெரியாத வீடுகளிலும் முணுமுணுக்கப்பட்டது.

1990-ல் பத்தாவது திருமண நாள். தி.நகர் பாண்டி பஜாரில் மனைவிக்குத் தங்க முலாம் பூசிய டைட்டன் ஒன்று வாங்கினார். "எனக்குன்னு அவர் தானா வாங்கிக் கொடுத்த முதல் பொருள்" என்று மனைவி இன்றும் அதைத்தான் காட்டுகிறார். 2002-ல் டைட்டன் 'எட்ஜ்' வெளியிட்டது. மொத்தக் கடிகாரமே 3.5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே ஓடும் இயந்திரம் வெறும் 1.15 மில்லிமீட்டர். ஓசூரில் இப்படி ஒன்று செய்ய முடியும் என்று பார்ப்பதற்காகவே அதை வாங்கியதாகச் சொல்கிறார்.

அந்தத் தவறு நடந்தது அப்போதுதான்

1998-ல் அப்பா காலமானார். சடங்குகள் முடிந்து பீரோவைத் திறந்தபோது ஜனதா கிடைத்தது. ஓடவில்லை. டயல் பழுப்பேறியிருந்தது. எட்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறை. எப்போதோ மழையில் நனைந்தபோது தண்ணீர் இறங்கிய அடையாளம்.

ரிப்பேருக்குக் கொடுத்தார். கடைக்காரர், "சார், டயல் ரொம்பப் பழசாயிடுச்சு. புதுசு மாதிரி பண்ணிக் கொடுத்துடறேன்" என்றார். நல்லதுதானே என்று இவரும் தலையாட்டினார். இரண்டு வாரம் கழித்து வாட்ச் வந்தது. ஓடியது. பளபளத்தது. ஆனால், டயல் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. கேஸைப் பாலிஷ் போட்டதில் பின்பக்க எழுத்துகள் தேய்ந்திருந்தன. கறையும் போய்விட்டது.

"வாட்ச் இருந்தது. அப்பா கட்டின வாட்ச் இல்லை" என்கிறார். அந்தக் கடைக்காரர் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டார், இவர் சரி என்றார். தெரியாமல் சரி என்றதுதான் உறுத்தல்.

அந்த உறுத்தலில் பிறந்ததுதான் ஆர்வம். வாட்சுக்குள் என்ன இருக்கிறது, எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று கற்றுக்கொள்ளத் தொடங்கினார். தி.நகரில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் சனிக்கிழமைகளில் போய் உட்காருவார். கண்ணில் லென்ஸ் மாட்டி, சாமணத்தால் முடியைவிட மெல்லிய ஸ்ப்ரிங்கை அவர் தூக்குவதைப் பார்ப்பார். 2013-ல் ஓய்வு பெற்ற பிறகு அது வாரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. உறவினர் வீட்டுப் பழைய டப்பாக்களில் கிடந்தவை, எடைக்குப் போக இருந்தவை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. குவார்ட்ஸுக்கு மாறுவதில் காட்டிய தயக்கம், டைட்டனின் போட்டி, தொடர் நஷ்டம் என்று காரணங்கள் பல. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், அதுவரை சீந்தாத மக்கள் எச்.எம்.டி. கடைகளைத் தேடி ஓடினார்கள். இன்று பெங்களூரு ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.க்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மெட்ராஸுக்குத் தனி நேரம்!

பேத்திக்கு அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. சென்னைக்கு ஒரு காலத்தில் தனி நேரமே இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாய்வகம் கட்டப்பட்டது. அங்கே இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். அதை வைத்து வந்த 'மெட்ராஸ் நேரம்'தான் பின்னாளில் இந்திய ரயில்களின் பொது நேரமானது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தபோது, மெட்ராஸ்காரர்கள் கடிகாரத்தை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் தள்ள வேண்டியிருந்தது.

கையில் வாட்ச் இல்லாத காலத்தில் ஊருக்கே பொதுவாக மணிக்கூண்டுகள் இருந்தன. ராயப்பேட்டை மணிக்கூண்டு இன்றும் அந்தப் பகுதிக்கே அடையாளம். வசதி உள்ளவர்கள், 1849-ல் தொடங்கிய மவுன்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் கடையில் கடிகாரம் வாங்கினார்கள். "ஊர்ல ஒரு மணி இருந்துச்சு. அப்புறம் வீட்டுல ஒண்ணு. அப்புறம் கையில ஒண்ணு. இப்ப பாக்கெட்ல போன்" என்று அவர் அடுக்க, "என் கையில திரும்ப வந்துடுச்சே தாத்தா" என்று ஸ்மார்ட் வாட்சைக் காட்டுவாள் பேத்தி.

உங்கள் வீட்டு வாட்சுக்கு அவர் சொல்லும் டிப்ஸ்

* பல வருடம் கிடந்த சாவி வாட்சை எடுத்தவுடன் முறுக்கி ஓடவிடாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். உலர்ந்த பற்சக்கரங்கள் உராய்ந்து தேயும். முதலில் சர்வீஸ். தினமும் கட்டுகிற வாட்ச் என்றால் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் போதும்.

* நின்றுபோன பேட்டரி வாட்ச் என்றால் உடனே பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து இயந்திரத்தை அரித்துவிடும். பீரோவில் தூங்கும் பல வாட்ச்கள் செத்தது இப்படித்தான்.

* ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "டயலைத் தொடாதீங்க, பாலிஷ் போடாதீங்க, மாத்தின பார்ட்ஸைத் திருப்பிக் கொடுங்க" என்று மூன்றையும் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் போனில் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்துவிடுங்கள்.

* நம் ஊர் வியர்வைக்குத் தோல் ஸ்ட்ராப் சீக்கிரம் நாறும். தினமும் கட்ட நைலான் அல்லது செயின் ஸ்ட்ராப் மாட்டிக்கொள்ளலாம். பழைய ஸ்ட்ராப்பைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

* கண்ணாடிக்குள் பனி படிந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெயிலில் வைப்பதோ, அரிசிக்குள் புதைப்பதோ தீர்வல்ல. அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். '30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தாலும் அது கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்குத்தான், நீச்சலுக்கு அல்ல.

* சாவி வாட்ச் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட போன் கவர் பக்கத்தில் வைத்ததில் காந்தம் ஏறியிருக்கலாம். மெக்கானிக்கிடம் உள்ள சின்னக் கருவியில் சில நொடிகளில் சரியாகிவிடும்.

* தேதி காட்டும் பழைய வாட்சில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதியைத் திருகி மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே தேதிச் சக்கரம் பிடியில் இருக்கும். பல் உடையும்.

* 1960-க்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் வாட்ச் என்றால் நீங்களே திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். அதில் உண்மையான ரேடியம் பூசியிருக்கலாம்.

* ஆன்லைனில் குறைந்த விலைக்கு 'பழைய எச்.எம்.டி.' என்று பளிச் சிவப்பு, நீல டயலோடு வருகிறதா? உஷார். பல வாட்ச்களின் பாகங்களைக் கோத்து, புதிதாக டயல் அடித்து விற்பவை அவை. ஆர்வலர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். எழுத்து கலங்கியிருந்தாலோ, முள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தாலோ சந்தேகப்படுங்கள். கட்டிக்கொள்ள ஆசை என்றால் வாங்கலாம். பழைய பொருள் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

இனி யாருக்கு?

41 வாட்ச்களுக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறார். ஒரு வாட்சுக்கு ஒரு பக்கம். எப்போது வந்தது, யார் கொடுத்தது, எங்கே சர்வீஸ் ஆனது, என்ன மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. "நான் போனப்புறம் இதுங்க வெறும் இரும்பு ஆகிடக் கூடாது" என்பதுதான் அவர் கவலை. மகன் அடையாறு காந்தி நகரில் இருக்கிறார். அவருக்கு வாட்ச் ஆசையே கிடையாது. "போன்ல மணி இருக்கேப்பா" என்று முடித்துவிடுவார்.

தி.நகர் மெக்கானிக்குக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. அவர் பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. சில பாகங்களுக்கு, ஓடாத இன்னொரு வாட்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு சர்வீஸும் இப்போது கொஞ்சம் அவசரம்.

பேத்தி இந்த வருடம் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மரப்பெட்டியைத் திறந்து, "உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோம்மா" என்றார் தாத்தா. எட்ஜை எடுப்பாள் என்று நினைத்திருந்தார். மெல்லியது, அழகானது, பெண்கள் கைக்குப் பொருந்தும்.

அவள் எடுத்தது ஜனதாவை.

"அது ஒரிஜினல் டயல் இல்லைம்மா. நான் கெடுத்து வெச்சது."

"தெரியும் தாத்தா. நோட்டுல படிச்சேன். கொள்ளுத்தாத்தாவோடதுதானே?"

"தினமும் சாவி கொடுக்கணும். ஒன்றரை நாள்தான் ஓடும்."

"காலைல அலாரம் வெச்சுக்கறேன்" என்றாள். தாத்தா சிரித்துவிட்டார்.

ஆனால், உடனே கொடுக்கவில்லை. மறுநாளே தி.நகருக்குக் கொண்டுபோய் சர்வீஸுக்குக் கொடுத்தார். இந்த முறை மூன்று விஷயங்களையும் தெளிவாகச் சொன்னார். "சார், இருபது வருஷமா எனக்கே சொல்லிட்டிருக்கீங்க" என்று மெக்கானிக் அலுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு நாளில் பேத்திக்கு ரயில்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தார். முதல் பக்கம் ஜனதா. அப்பா பெயர், அதன் கீழ் தன் பெயர். மூன்றாவது வரியில் பேத்தியின் பெயரை எழுதிவிட்டு, தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்.

இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவின் அந்த மேல் அறையைத் திறந்து பாருங்கள். அப்பாவோ தாத்தாவோ கட்டிய வாட்ச் ஒன்று அங்கே இருக்கலாம். சர்வீஸ் எல்லாம் பிறகு. முதலில் அதை வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்து, "இது எப்ப வாங்கினது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் இருக்கும்போதே!